தட்டில் செத்த கிருமி

பிப்ரவரி 11, 2019. திங்கள்

ஊதா நிறக் கரைசல் இன்று ஏழே நிமிடத்தில் மஞ்சளாகிவிட்டது. அதற்கு முந்தைய பறிப்பில் கிடைத்த விரிசாக் மூலிகையின் எண்ணெய்க்கு இருபது நிமிடம் பிடித்தது. தெற்குப் பாறைச் சரிவில், ஆகஸ்ட் கடைசியில் பறித்த செடி இது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதில் இதை மிஞ்ச எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் வேறு எண்ணெய் கிடையாது. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அதேதான். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பேராசிரியர் வுகாஷின் கதவருகே நின்று, "ஸ்மில்கா, ஊரே உன்னைப் பத்திதான் பேசுது" என்றார். போன திங்கட்கிழமை வந்த டிவி பேட்டியைச் சொல்கிறார். இருபது நிமிடம் பேசினேன். நான்கு நிமிடம் போட்டார்கள். "கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்கிறது, உடம்பில் இன்னும் சோதிக்கவில்லை" என்று நான் சொன்னதில் முதல் பாதி வந்தது. இரண்டாம் பாதி வரவில்லை. கீழே எழுத்து ஓடியது: "ஆறாத புண்ணுக்கு நம் மலையிலேயே மருந்து."

திருத்தம் போடச் சொல்ல வேண்டும் என்றேன். "சொல்லலாம், சொல்லலாம்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ஏன் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன். காலையில் ரொட்டிக்கடையில் முன்பின் தெரியாத ஒருத்தி என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே அந்த டாக்டரம்மா?" என்றாள். நான் டாக்டர் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை.

பிப்ரவரி 14

மழை. எங்கள் ஆய்வுக்குப் பணம் கொடுக்கிற எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருகிறார்களாம். நாள் முழுக்க அலமாரி துடைத்தோம்.

பிப்ரவரி 16. சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குத் தம்பி ஒப்ரென் வீட்டுக்குப் போனேன். மலை ஏறி, கதவைத் திறந்ததுமே வாசனை. கீரையும் உப்புக்கறியும் அடுப்பில் கொதிக்கிற வாசனையை மீறி, ஓமத்தை நசுக்கினாற்போல் மூக்கைப் பிடிக்கிற காரம். எங்கள் எண்ணெய். நான் சிரித்தேன், "யார் இந்த வீட்டை என் எண்ணெய் ஊத்திக் கழுவினது?" என்று. அவன் மனைவி விடா சிரிக்கவில்லை.

ஒப்ரென் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது காலில் மட்டும் தடித்த கம்பளி உறை.

"கழட்டுடா."

"ஒண்ணுமில்ல அக்கா. ஆறிட்டே வருது."

"கழட்டு."

இரண்டாவது விரல் கறுத்திருந்தது. பக்கத்து விரல் ஊதா. அடிப்பாதத்தில் ஒரு குழி, என் கட்டைவிரல் உள்ளே போகும். சுற்றிலும் தோல் வெந்து உரிந்திருந்தது. அது கிருமி செய்ததல்ல. நீர்க்காத எண்ணெய் செய்தது. கிறிஸ்துமஸுக்கு நான்தான் அந்தப் புட்டியைக் கொடுத்தேன், சளி பிடித்தால் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்க. ஜனவரியில் புது பூட்ஸ் கடித்த இடத்தில் தினம் இரண்டு வேளை ஊற்றியிருக்கிறான். பதினோரு வருடச் சர்க்கரை அவனுக்கு. காலில் உணர்ச்சி செத்துப்போய் ரொம்ப நாளாகிறது.

"வலிக்கவே இல்ல, அதான் ஆறுதுன்னேன்" என்றான்.

மருத்துவரிடம் ஏன் போகவில்லை என்று கத்தினேன். விடாதான் பாத்திரத்தை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "போன வாரம் புதன்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தேன் அண்ணி. திங்கக்கிழமை உங்க பேட்டி வந்துச்சு. 'பாத்தியா, என் அக்காவே சொல்லிட்டா'ன்னு ஃபோன் பண்ணி வேண்டாம்னுட்டார்."

புதன்கிழமை. ஆறாம் தேதி. பத்து நாள்.

பிப்ரவரி 18. திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நரம்பு வழியாக மருந்து ஏறுகிறது. அறுவை மருத்துவர் டாக்டர் தெஸா என் வயதுக்காரி, அளந்து பேசுகிறவள். இரண்டு விரலையும் முன்பாதத்தில் கொஞ்சத்தையும் இப்போதே எடுத்தால் நடப்பான், பஸ் ஓட்டக்கூட ஓட்டலாம் என்றாள்.

ஒப்ரென், "வெட்டறதுக்கு ஒத்துக்க மாட்டேன்" என்றான்.

"ஒப்ரென், இது உள்ளே போகுது. காத்திருந்தா நிறைய எடுக்க வேண்டி வரும்."

"டாக்டர், இருபத்திரெண்டு வருஷமா பஸ் ஓட்டறேன். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் இந்தக் கால்லதான். மொட்டைக் காலை வெச்சுக்கிட்டு நாப்பது பேரை மலையில இறக்கச் சொல்றீங்களா? எங்க அக்காகிட்ட மருந்து இருக்கு. அவளைக் கேளுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வைகூட இல்லை. களைத்த பார்வை. வாசலில் தனியாக நிறுத்தி, "இந்த மாசம் இவர் மூணாவது ஆள்" என்றாள். "மத்த ரெண்டு பேரும் புட்டியோடயே வந்தாங்க."

பிப்ரவரி 19

மூன்றாவது ஆள். மூன்றாவது ஆள்.

பிப்ரவரி 20. புதன்

ஒரு மணி நேரம் அவனோடு பேசினேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. எண்ணெய் எலும்புக்குள் போகாது என்றேன். "அப்ப ஊசியா போடு" என்கிறான். ஊசியாகப் போட்டால் செத்துப்போவாய் என்றேன். சிரித்தான். "நீ சின்ன வயசுலயிருந்தே பயந்தாங்கொள்ளி. உன் மருந்தை நீயே நம்ப மாட்டேங்கற. நான் நம்பறேன்."

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, எனக்கும் ஒரு சின்னப் புட்டி கிடைக்குமா? முதுகுக்கு" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22. வெள்ளி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

டாக்டர் தெஸாவிடமும் அவனிடமும் கேட்டு, அவன் புண்ணிலிருந்து எடுத்த கிருமியை நேற்று எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். அவனை நம்பவைக்கத்தான், அவன் கிருமியையே காட்டி. இப்படித்தான் சொல்லிக்கொண்டு போனேன். தட்டில் பரப்பி, நடுவில் எண்ணெயில் நனைத்த வட்டக் காகிதத்தை வைத்து இன்குபேட்டரில் மூடினேன்.

இன்று காலை திறந்தேன். காகிதத்தைச் சுற்றி முப்பத்தொரு மில்லிமீட்டர். பளிச்சென்று வெறுமை. ஒரு கிருமி இல்லை. ஆஸ்பத்திரியில் நான்கு மருந்துக்கு அசையாத கிருமி இது.

அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முப்பது வருடமாக இந்த வேலையைச் செய்கிறவள். தட்டு வேறு, சதை வேறு என்று மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள். ஆனாலும் ஒரு கணம் எனக்கும் தோன்றியது. ஒருவேளை? கொஞ்சம் நீர்க்கச் செய்து, துணியை அதில் நனைத்து, எலும்பு வரை... ஒருவேளை? என் தம்பி கால்தானே. யார்தான் நினைக்க மாட்டார்கள்?

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் விடா ஃபோன் செய்து அழுதாள். ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது. வாய் தவறி முப்பத்தொன்று என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 23

வார்டு முழுக்கச் சொல்லிவிட்டான். நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு கையையும் தூக்கி, "முப்பத்தொண்ணு!" என்று கத்தினான், கால்பந்தில் கோல் விழுந்த மாதிரி. நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எதற்குப் பிறந்தேன்? நாக்கை இழுத்துவைத்து அறுக்க வேண்டும்.

பிப்ரவரி 26. செவ்வாய்

நான்கு நாளாக வேறு வேலை செய்யவில்லை. அதே கிருமியை, புண்ணில் இருப்பது போல, கோழைப் படலம் கட்ட விட்டு வளர்த்தேன். ரத்தச் சீரம் கலந்தேன். அதன்மேல் அதே எண்ணெயை, அதே அளவு விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சீரத்தில் இருக்கும் புரதம் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மிச்சமிருப்பது படலத்துக்குள் நுழைவதில்லை. எட்டு மடங்கு ஏற்றிய பிறகுதான் கிருமி சாக ஆரம்பித்தது.

எட்டு மடங்கில் மனிதத் தோல் உயிரணு என்ன ஆகும்?

சோதனை செய்ய வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு நானே செய்தேன். என் மேசை இழுப்பறையில், கீழ்த்தட்டில், பச்சை உறையில் அந்த வரைபடம் இருக்கிறது. அதில் பாதி அளவுக்கே தோல் உயிரணுக்கள் செத்துப்போயின. அறிக்கையில் அதைச் சேர்க்க வேண்டும் என்று வுகாஷினிடம் சொன்னேன். "அது தனிக் கட்டுரைம்மா. இதுல எதுக்குக் குழப்பணும்? கம்பெனிக்காரங்க பயந்துடுவாங்க" என்றார். சரி என்றேன். தனிக் கட்டுரையை அவர் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

அந்த எண்ணெயைத்தான் அவன் திறந்த புண்ணில் ஐந்து வாரம் ஊற்றியிருக்கிறான். கிருமியைக் கொன்றதோ இல்லையோ, ஆற வந்த தோலையெல்லாம் தினம் இரண்டு வேளை கொன்றிருக்கிறது.

பிப்ரவரி 28. வியாழன்

இரண்டு தட்டுகளையும் நன்றாக மூடி ஒட்டி, பெட்டியில் வைத்து எடுத்துப்போய் அவனுக்குக் காட்டினேன். ஒன்றில் செத்தது. ஒன்றில் சாகாதது. பச்சை உறையையும் காட்டினேன். பொறுமையாக, பஸ்ஸில் வழி கேட்கிறவர்களுக்கு அவன் சொல்வானே, அப்படிச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டான். தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அன்னிக்குச் செத்தது இன்னிக்கு எப்படி அக்கா பொழச்சுது?"

"அதான் சொன்னேனே, சீரம் கலந்தா..."

"டாக்டரம்மா சொல்லச் சொன்னாளா?"

"இல்லடா."

"டிவியில ஊருக்கு ஒண்ணு சொன்னே. விடாகிட்ட ஒண்ணு சொன்னே. இப்ப எங்கிட்ட ஒண்ணு சொல்றே. இதுல எது பொய்?"

அவன் கையிலிருந்து தட்டுகளை வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

"எனக்குச் சொன்னது பொய், ஊருக்குச் சொன்னது நிஜமா? இல்லேன்னா எனக்குச் சொன்னதை அங்க போய்ச் சொல்லு. எல்லாரும் கேக்க, உன் பேரைப் போட்டுச் சொல்லு. அப்ப ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடறேன்." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "சொல்ல மாட்டே. எனக்குத் தெரியும்."

விடா என்னைப் படிக்கட்டு வரை கொண்டுவந்து விட்டாள். "கோவத்துல பேசறார் அண்ணி" என்றாள். கோபம் இல்லை. அவன் கேட்டது நியாயம்.

மார்ச் 1

காய்ச்சல் 39.4. கணுக்கால் எலும்பு வரை ஏறிவிட்டது. படத்தைக் காட்டினாள் தெஸா. விரல் என்ற பேச்சே இனி இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். "வாரக்கணக்குல இல்ல, நாள் கணக்குல இருக்கோம்" என்றாள். ரத்தத்தில் கலந்துவிட்டால் அதுவும் இல்லையாம்.

18ஆம் தேதி இரண்டு விரல். இன்று கால்.

மார்ச் 4. திங்கள்

டிவிக்காரர்களுக்குக் காலையிலிருந்து ஃபோன் செய்தேன். பேட்டி எடுத்த பெண் இனிமையாகப் பேசினாள். அந்தச் செய்தி பழசாகிவிட்டதாம். பறிப்புக் காலத்தில் மறுபடி வருவார்களாம், மலையில் வைத்து, பூவோடு படம் எடுக்க. நான் என்ன சொல்கிறேன் என்றே காதில் வாங்கவில்லை.

உள்ளூர் வானொலியில் காலை எட்டு மணி நிகழ்ச்சி நேரடியாகப் போகிறது. அதில் வெட்ட முடியாது. புதன்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். மூலிகையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

பிறகு வுகாஷினிடம் போய்ச் சொன்னேன். அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"உன் கஷ்டம் புரியுது. ஆனா இதைப் பேசினா இந்த ஆய்வே போச்சு. பத்து வருஷ உழைப்பு. உன் உழைப்பும்தான்."

"வரைபடம் இழுப்பறையில இருந்துச்சு சார்."

"உன் இழுப்பறையில" என்றார்.

அதுவும் சரிதான்.

மார்ச் 5

காய்ச்சல் இறங்கவில்லை. யாரையோ டிக்கெட் எடுக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தானாம். விடாவை யாரென்று இரண்டு முறை கேட்டிருக்கிறான். நாளைக்குள் அவன் தெளிவாக இருக்க வேண்டும். அவன் கேட்க வேண்டும். கடவுளே, நான் இத்தனை வருடம் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

மார்ச் 6. புதன்

பேசிவிட்டேன்.

என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதுகிறேன். என் பெயரைச் சொன்னேன். "போன மாதம் டிவியில் வந்தது நான்தான். விரிசாக் எண்ணெய் கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்லும். அது உண்மை. புண்ணில் கொல்லாது. புண்ணில் அது தோலைக் கொல்லும். இது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். நான் சொல்லவில்லை. யார் காலிலாவது, கையிலாவது ஆறாத புண் இருந்தால் அந்த எண்ணெயை நிறுத்திவிட்டு இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என் தம்பி போகாமல் இருந்துவிட்டான். என்னை நம்பினான்."

அறிவிப்பாளர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதில் இதற்குக் கேள்வி இல்லை. "இ... இப்ப ஒரு பாட்டு கேட்கலாம்" என்றார். கோலோ ஆட்டப் பாட்டு ஒன்று. நான் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். தெருவில் பால் வண்டி நின்றது. அதன் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தேன்.

ஒன்பது மணிக்கு விடா ஃபோன். நர்ஸிடம் ரேடியோ வாங்கி அவன் காதோடு வைத்திருந்தாளாம். காலையில் அவனுக்குத் தெளிவு இருந்தது. முழுக்கக் கேட்டிருக்கிறான். பாட்டையும் கேட்டிருக்கிறான்.

"என்ன சொன்னான்?"

"ரேடியோவை அணைக்கச் சொன்னார் அண்ணி. அப்புறம், 'அவளுக்கு வேலை போயிடுமா?'ன்னு கேட்டார். தெரியலேன்னேன். பேனா கேட்டார்."

பதினொன்றரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். விடாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் அவனுடைய இடது செருப்பும் வலது செருப்பும் இருந்தன. வெளியே வந்த நர்ஸ் செருப்பைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

மூன்று மணிக்குத் தெஸா வந்தாள். பிழைப்பான் என்றாள். பிறகு என் தோளைத் தொட்டாள், அவ்வளவுதான்.

மார்ச் 9

கண் விழித்திருந்தான். போர்வை வலப்பக்கம் பாதியில் தட்டையாக இருந்தது. என்னைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

மார்ச் 11. திங்கள்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்கிவிட்டது. எதுவும் இறங்காததால் எனக்கு எல்லா நாளும் நோன்புதான்.

ஃபோன் நிற்கவில்லை. ஒரு பெண் சாபம் விட்டாள். அவள் அம்மாவுக்கு அந்த எண்ணெய்தான் உயிராம், நான் மருந்துக் கம்பெனியிடம் எதையோ வாங்கிக்கொண்டு மாற்றிப் பேசுகிறேனாம். ஒரு கிழவர், குரலே எழும்பவில்லை, புட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு மகனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பெயர் கேட்க மறந்தேன்.

மார்ச் 19

விடா வார்டு வாசலிலேயே நிறுத்தினாள். "இப்ப வேண்டாம் அண்ணி. கொஞ்ச நாள் போகட்டும்." கொண்டுபோன சூப்பை வாங்கிக்கொண்டாள். நான் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டாள் என்று நினைக்கிறேன். சொன்னால் குடிக்க மாட்டான்.

ஒருவிதத்தில் இதுதான் சரி. அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 2

கம்பெனி விலகிவிட்டது. ஆய்வு நின்றது. வுகாஷின் கைகொடுத்தார், கண்ணைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து நூற்றுப் பதினான்கு புட்டிகளை இறக்கிப் பெட்டியில் அடுக்கினேன். பெட்டியை மூடிய பிறகும் கையில் வாசனை போகவில்லை. சோப்புப் போட்டு, எலுமிச்சை தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டு. பொறுக்க முடியல. அந்த வாசனை இனிமே வேண்டாம் எனக்கு.

நகராட்சியில் குடிநீர் சோதிக்க ஆள் வேண்டுமாம். போகிறேன். பச்சை உறையை நகல் எடுத்துத் தெஸாவுக்கும், கேட்டு எழுதிய இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 28. ஈஸ்டர்

விடா ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "வீட்டுக்கு வந்துட்டார். ஊன்றுகோலை வெச்சு நாயை மிரட்டறார்."

ஐந்து முறை படித்தேன்.

ஜூலை 3

குழாய்த் தண்ணீர், பன்னிரண்டு மாதிரி. எல்லாம் சுத்தம்.

அக்டோபர் 12. சனி

காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஃபோன். ஒப்ரென் பெயர். ஏழு மாதமாக அந்தப் பெயர் என் ஃபோனில் ஒளிரவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது.

"அக்கா."

"சொல்லுடா."

"கட்டைக்கால் மாட்டற இடத்துல தோல் உரிஞ்சிருக்கு. நேத்து டிப்போவுல ரொம்ப நேரம் நின்னேன், பஸ்ஸு அனுப்பற வேலை குடுத்திருக்காங்க. விடா உன்னைக் கேக்கச் சொன்னா."

பின்னால் விடா, "நான் எங்க சொன்னேன்?" என்பது கேட்டது.

கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டேன். பிறகு, "என்ன போடறது?" என்றான்.

"ஒண்ணும் போடாத. கட்டைக்காலைக் கழட்டி வெச்சுட்டு உக்காரு. நான் வரேன். தெஸாகிட்ட காட்டிட்டு வந்துடலாம்."

"இன்னிக்கேவா?"

"இப்பவே."

"நீயா ஓட்டிட்டு வரே?"

"ஆமா."

அவன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "சர்ச்சைத் தாண்டினதும் மூணு கொண்டை ஊசி வளைவு இருக்கு. மூணாவது கியர்ல ஏறாத, நின்னுடும். ரெண்டுலயே வா."

"சரி."

"மறந்துடாத அக்கா. ரெண்டு."

இரண்டிலேயே ஏறினேன். வண்டி அலறியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். மாற்றவில்லை.